மருந்துக் குளமும் சும்மாக் குளமும்

விடியப்புறம் அடித்த காற்று இரண்டு பலகைகளையும் பிடுங்கி, வரம்பில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்தது. ஒன்றில் ‘மருந்து’ என்றும் மற்றதில் ‘சும்மா’ என்றும் எழுதியிருந்தது. எது எந்தக் குளத்தடியில் நின்றது என்பதுதான் பேணாட்டுக்கு நினைவில்லை. பலகைகளை நட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

கப்பல்துறைக் கிராமத்தில் அவருக்கு இரண்டு திலாப்பியா மீன்குளங்கள். போன இரண்டு தடவையும் குஞ்சுகள் வயிறு ஊதிச் செத்து மிதந்தன. அதனால்தான் மீன்வளர்ப்பு அதிகாரி நஜ்முன் நிஸா, மீன் குடலுக்கு நல்லது செய்யும் கிருமிகள் கலந்த மாவைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு குளத்துக்கு மட்டும் அதைத் தீனியோடு பிசைந்து போடவேண்டும். மற்றதற்கு வெறும் தீனி. இரண்டு மாதத்தில் அவரே வந்து நிறுத்துப் பார்ப்பார். வித்தியாசம் தெரிந்தால் இதுதான் மாவட்டத்துக்கு மாதிரிப் பண்ணை. சந்தியில் பேணாட்டை ‘மீன் சவக்காலை’ என்று கூப்பிடுகிறவர்களின் வாயும் அடைபடும்.

பம்புப் பக்கம்தான் மருந்துக் குளம் என்றார் பேணாட். முருங்கைப் பக்கம் என்றாள் மனைவி மக்டலின். புட்டு ஆறிப்போகும்வரை வாதாடினார்கள். கடைசியில் பேணாட் ஒரு வழி கண்டார். இரண்டுக்கும் போட்டுவிட்டால் பிழைபோக இடமில்லை.

மூன்று வாரம் போனது. இரண்டு குளத்திலும் மீன் துள்ளி விளையாடியது, ஒன்றுகூடச் சாகவில்லை. மீன் சாகவில்லையே என்று பேணாட் கவலைப்பட்டது வாழ்நாளில் அதுதான் முதல்தடவை. வித்தியாசமே இல்லாவிட்டால் எதை நிறுத்துக் காட்டுவது?

ஆகவே முருங்கைப் பக்கம் ‘சும்மா’ பலகையை நட்டு, அந்தக் குளத்துத் தீனியைப் பாதியாக்கினார்.

பசியில் வாயைப் பிளந்துகொண்டு கரைக்கு வந்த மீன்களைப் பார்க்க மக்டலினுக்கு ஏலவில்லை. புருஷன் பட்டணம் போகிற நேரமெல்லாம் பழஞ்சோறும் பாண் துண்டும் கொண்டுபோய்க் கொட்டினாள். பட்டினி கிடக்கவேண்டிய மீன்கள் உருண்டு திரண்டன.

நிறுக்கிறதற்கு முதல்நாள் பேணாட் வலை வீசிப் பார்த்தார். ‘சும்மா’ குளத்து மீன்தான் கொழுத்திருந்தது. சத்தம்போடாமல் பலகைகளை மாற்றி நட்டார்.

அடுத்தநாள் காலைப் பூசைக்குப் புறப்பட்ட மக்டலின், தன்னால் புருஷனின் மானம் போகப்போகிறதே என்று உருகி, அவளும் சத்தம்போடாமல் பலகைகளை மாற்றி நட்டாள்.

பத்து மணிக்கு அதிகாரியின் வான் வந்தது. சாரதி கஜீபன் தராசைப் பிடித்தான். மருந்துக் குளத்து மீன் நூற்றெண்பது கிராம். சும்மாக் குளத்து மீன் இருநூற்றைம்பது.

நஜ்முன் நிஸா தராசைத் தட்டிப் பார்த்தார். “பேணாட் அண்ணன், இது என்ன கூத்து?”

பேணாட் பலகையைப் பார்த்தார். பிறகு மக்டலினைப் பார்த்தார். மக்டலின் முருங்கையைப் பார்த்தாள்.

“பலகையை நான்தான் மாத்தினனான், மிஸ்,” என்றார் பேணாட்.

“நானும்தான்,” என்றாள் மக்டலின்.

அதன்பிறகு எல்லாம் வெளியே வந்தது. இரண்டுக்கும் போட்ட மாவு, பாதித் தீனி, பழஞ்சோறு, பாண். அதிகாரி வரம்பிலேயே குந்திவிட்டார். கொஞ்ச நேரம் தலையில் கைவைத்திருந்தவர், பிறகு சிரிக்கத் தொடங்கினார். நிறை எப்படியும் போகட்டும், இரண்டு குளத்திலும் ஒரு மீன்கூடச் சாகவில்லையே, மாவு வேலை செய்திருக்கிறது, அதையே அறிக்கையில் எழுதப்போகிறேன் என்றார். பேணாட்டுக்குக் கண் கலங்கியது. மாதிரிப் பண்ணை என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை அவர் கண்முன்னே எழும்பி நின்றது.

தராசைக் கழற்றிக்கொண்டிருந்த கஜீபன் தலையைச் சொறிந்தான்.

“மிஸ், எழுதுறதுக்கு முதல் ஒரு கதை. இந்த மாவு கொண்டுவந்த அண்டைக்குக் கோழிக்குப் போடுற மாவும் எங்கட வானிலதான் வந்தது, வெள்ளைப் பை ரெண்டும் ஒரே மாதிரி. ஒண்டை இஞ்ச இறக்கினனான், மற்றதைக் கிளிவெட்டியில கோழி வளக்கிற அக்காட்டக் குடுத்தனான். அவ நேற்றும் போன் எடுத்தவ, தன்ர கோழியெல்லாம் வாய்க்காலுக்க இறங்கி நிண்டு, கரைக்கு வரமாட்டன் எண்டு நிக்குதுகளாம்.”