டப்பா காயட்டும்

முட்டி விண்விண்ணென்று தெறித்தது. ஏணியின் பாதியில் நின்று மூச்சு வாங்கினார் மெக்கானிக். மேலே, வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும் ரேடியோ டெலஸ்கோப்பின் ராட்சதக் கிண்ணத்துக்கு உச்சியில் ரிசீவர் பெட்டி. நட்சத்திரங்களின் முணுமுணுப்பைக் கேட்கும் காது அது. ஈரம் புகுந்தால் காது செவிடு.

பெட்டியைத் திறந்தார். ஈரம் உறிஞ்சுவதற்காகப் போட்ட நீல மணிகள் ரோஸாக மாறிக் கிடந்தன. ரோஸ் என்றால் உள்ளே ஈரம்.

சாயங்காலப் பஸ்ஸில் அவர் மகள் இருக்கும் ஊருக்குக் கிளம்ப வேண்டும். தலைப்பிரசவம். மருமகன் கப்பலில் இருக்கிறான். "நான் உள்ள இருக்கிறப்போ நீங்க கதவுக்கு வெளிய நிக்கணும்ப்பா" என்று கேட்டிருந்தாள்.

"நிக்காம எங்கம்மா போயிடப் போறேன்" என்றிருந்தார்.

புது மணிகளைக் கொட்டி மூடினார். மனசு கேட்கவில்லை. டீ குடித்துவிட்டு மறுபடி ஏறித் திறந்தார். பாதி ரோஸ்.

"எதுக்குண்ணே ஏறி ஏறி இறங்கறீங்க? உள்ள எவ்வளவு ஈரம்னு இங்க மீட்டர்லயே தெரியுமே" என்றாள் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர்.

"மீட்டர் சொல்லி நான் நம்பணுமா? கண்ணால பார்க்கணும்மா!"

பஸ் போய்விட்டது. மறுநாள் மூடியின் ரப்பரை மாற்றினார்; சரியாக உட்கார்ந்ததா என்று திறந்து பார்த்தார். முக்கால் ரோஸ். பசை பூசினார்; பிடித்துக்கொண்டதா என்று திறந்தார். முழு ரோஸ். வெளியே மழை நசநசவென்று தூறிக்கொண்டேயிருந்தது.

போனில் மனைவி. "வலி எடுத்திடுச்சு. கிளம்பிட்டீங்களா இல்லையா?"

"நான் இல்லேன்னா இங்க எல்லாம் நாறிடும்டி. டப்பா காயட்டும், வந்திடறேன்."

அடுத்த அழைப்பும் அவள்தான். "பேத்தி. உங்க மக உள்ள போற வரைக்கும் உங்களைத்தான் கேட்டா. நீங்க அந்த டப்பாவுக்கே பேர் வச்சுத் தாலாட்டுங்க!"

அந்த ஆத்திரத்தில் மறுபடி ஏறி, புது மணிகளைக் கொட்டி மூடினார். இறங்கும்போது முட்டி மடங்கிவிட்டது. சில நாள் கட்டிலோடு கிடந்தார். பிறகு நொண்டிக்கொண்டே கன்ட்ரோல் ரூமுக்குப் போனார்.

"டப்பா தண்ணியில மிதக்குதாம்மா?"

அவள் மீட்டரை அவர் பக்கம் திருப்பினாள். "சுக்காக் காஞ்சு கிடக்குண்ணே. நீங்க படுத்த நாள்ல இருந்தே இப்படித்தான். மழைக்காத்து உள்ள போனதே நீங்க திறந்து திறந்து பார்த்ததுலதான். அன்னைக்கே பஸ் ஏறியிருக்கலாம்."

மகளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.