மயிலாப்பூர் வரைக்கும் வந்த கடல்

பீரோ மேலிருந்த ஹார்லிக்ஸ் பாட்டில் காலியாகக் கிடந்தது. வெள்ளைத்துரை அதைக் கையில் எடுத்துக்கொண்டு மனைவியிடம் ஓடினான்.

"வடிவு, இதிலே இருந்த மண் எங்கே?"

"கொலுவிலே கொட்டிட்டேன். இந்த வருஷம் கடற்கரை வைக்கணும்னு சொன்னேனே."

மனைவி சண்முகவடிவைக் குற்றம் சொல்ல முடியாது. கீழ்ப்படிக்கு முன்னால் நீலத்தாளில் கடல், அதன் கரையில் அந்த மண், மண்மேல் சுண்டல் விற்கும் பொம்மை. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. அந்த மண்தான் புருஷனுடைய டாக்டர் பட்டம் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய மகானுபாவன் அவன்தான்.

வெள்ளைத்துரை கல்லூரியில் நிலவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். போன கோடையில் வீட்டுச் சொந்தக்காரி சுந்தரவல்லி கிணற்றைத் தூர் வாரியபோது, அடியிலிருந்து வந்த மணலில் கொஞ்சம் கேட்டு வாங்கினான். ஒரு சிட்டிகையை மட்டும் கழுவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தான். கடுகில் கால்வாசிகூட இல்லாத, சுருள் சுருளான ஓடுகள். கடலில் மட்டுமே பிழைக்கிற உயிர்களின் ஓடுகள். அப்படியானால் ஒரு காலத்தில் மயிலாப்பூர்க் குளத்தங்கரை வரைக்கும் கடல் இருந்திருக்கிறது! மிச்ச மண்ணைத் தொடாமல் பாட்டிலில் போட்டு மூடி, அன்றிலிருந்து அவன் தரையில் நடக்கவில்லை.

பேராசிரியர் கரீமுல்லாதான் நம்பவில்லை. கண்ணால் பார்த்தால் ஒழியக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றவர், இன்று சாயங்காலம் அடையாறு போகிற வழியில் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் தலையாட்டினால் பட்டம். இல்லாவிட்டால் ரிட்டயராகிற வரைக்கும் பையன்களுக்குக் கல் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொலுவின் முன்னால் மண்டியிட்டு, ஸ்பூனால் மண்ணை அள்ள ஆரம்பித்தான். போதாத காலம், அப்போது பார்த்து வெற்றிலை பாக்குக்குத் தெருப் பெண்கள் நுழைந்தார்கள். வளர்ந்த ஆண்பிள்ளை பொம்மைக் கடற்கரையில் குப்புறக் கிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

புருஷன் மானம் போகிறதே என்று சண்முகவடிவுக்குப் பதறிவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"என் மூக்குத்தி விழுந்திடுச்சு. அதைத்தான் தேடுறாங்க."

சொன்ன கையோடு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மூக்குத்தி மூக்கில்தானே இருக்கிறது.

நவராத்திரி நாளில் சுமங்கலி மூக்குத்தியைத் தொலைப்பதாவது! பாட்டையும் சுண்டலையும் மறந்து அத்தனை பேரும் உட்கார்ந்து மண்ணைத் துழாவினார்கள். ஒருத்தி, தண்ணீர் தெளித்தால் கல் மின்னும் என்று சொம்போடு வந்தாள். இன்னொருத்தி முறத்தை வாங்கிப் புடைக்கத் தொடங்கினாள். புடைத்தால் முதலில் பறப்பது லேசான ஓடுகள்தானே. வெள்ளைத்துரை பாய்ந்து முறத்தைப் பிடித்தான்.

"நவுரு நைனா, ஆம்பளை கண்ணுக்கு இதெல்லாம் ஆப்டாது" என்று சுந்தரவல்லி அவனை ஒதுக்கிவிட்டாள். பாவம், அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கரீமுல்லா வாசலில் வந்து நின்றது அந்த நேரத்தில்தான். விஷயத்தைக் கேட்டார். பெரிய மனுஷர், கொஞ்சமும் யோசிக்காமல் செருப்பைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தேடியது மூக்குத்தியைத்தான். கொஞ்ச நேரத்தில் கை அப்படியே நின்றது.

"வெள்ளைத்துரை, நீ சொன்ன கிணற்று மண் இதுதானா?"

"ஆமாம் சார்."

"கடல் ஓடுதானய்யா, சந்தேகமே இல்லை. நான்தான் உன்னை நம்பாமல் போனேன். ஆய்வேட்டைக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்."

வெள்ளைத்துரைக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் சண்முகவடிவு முந்தானையைக் கைவிட, மூக்குத்தி ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி பளிச்சென்று மின்னியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லார் கண்ணும் சுந்தரவல்லியின் விரல் நுனியில் இருந்தது. அங்கே அழுக்கேறிய மூக்குத்தி ஒன்று இருந்தது.

"இது வடிவுது இல்லமா, என்னுது. கிணத்த எட்டிப் பாக்கசொல்லோ உள்ள வுயுந்துது" என்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் சுந்தரவல்லி. "தண்ணி தெளியட்டும்னு நொச்சிக்குப்பத்து கடல் மணல வண்டி வண்டியா கொட்டிக்கினு இருந்தோம், அன்னிக்கு."