கரடி வீட்டுக் கணினிக்குப் பல்லி சொன்ன ஓ.எஸ்.

ஒரு காட்டில், மழைக்கு ஒதுங்கப் பாறையும் கும்பிடப் பிள்ளையாரும் குறைவில்லாத ஒரு காட்டில், சடையன் என்றொரு கரடி இருந்தது. அதன் மனைவி வடிவு. அவர்கள் குகைக்கும் கூர்வேலு என்கிற முள்ளம்பன்றியின் வளைக்கும் நடுவில் ஒரு வேங்கை மரம். மரத்தில் குடம் குடமாகத் தேனடை. மரம் யாருக்கு என்பதில்தான் தகராறு.

கூர்வேலு வேற்று ஆளும் இல்லை. வடிவின் கல்யாணத்தில் பொரி போட அண்ணன் இல்லையே என்று தவித்தபோது, "நான் இல்லையா?" என்று முன்னால் வந்து நின்றது அதுதான். ஆனால் பொரி போட்ட கை தேன் விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை.

"மாப்ளே, நமக்குள்ள சண்டை எதுக்கு? செங்கல் உடைக்கிற ஆட்டம் ஆடுவோம். ஜெயிச்சவனுக்கு மரம். ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றது கூர்வேலு.

"வாங்க மச்சான்!" என்று சடையன் மார் தட்டியது. பலகையை நகர்த்திப் பந்தைத் தட்டித் தட்டியே சுவரை உடைக்கிற அந்தப் பழைய ஆட்டத்தில், ஒரு காலத்தில் சடையனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆடுவதற்குக் குகையில் ஒரு பழைய கணினியும் இருந்தது. தொப்பை போட்ட திரை, ஒரே ஒரு ஜி.பி. ரேம். ஆனால் அதன் ஓ.எஸ். கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. ஓ.எஸ். என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை, உடம்புக்கு உயிர் மாதிரி. அது இல்லாவிட்டால் பெட்டி வெறும் பெட்டி.

புதிதாக எந்த ஓ.எஸ். போடுவது? சடையன் காட்டையே கூட்டிக் கேட்டது. ஒருவரைக் கேட்டிருந்தால் ஒரு பதில் கிடைத்திருக்கும்.

"நான் வச்சிருக்கிறதையே போடு தம்பி" என்றது யானை. "புத்தம் புதுசு. கனமா இருந்தாத்தான் பலம்."

"யானையண்ணே, அது எட்டு ஜி.பி. தின்னும்" என்று குறுக்கே பாய்ந்தது அணில். "இவங்க வீட்ல இருக்கிறது ஒண்ணு. ஒரு ஆளுக்கு வடிச்ச சோத்துல கல்யாணப் பந்தி போடச் சொல்றீங்களா? சின்னதா ஒரு லினக்ஸ் இருக்கு. பென் டிரைவுலயே அடங்கும். இந்த மாதிரிக் கிழட்டுப் பெட்டிக்குன்னே செஞ்சது. அதுமேல பழைய ஆட்டத்தை ஓட வைக்கிற எமுலேட்டர் ஒண்ணு போட்டா, பந்து பறக்கும்."

"பார்க்க லட்சணமா இருக்குமா?" என்று கேட்டது மயில். "ஜன்னலைத் திறந்தா விரியுமா?"

"விரியாது. திறக்கும்."

"அப்ப எனக்குப் பிடிக்கல."

"உனக்கா போடுறோம்?"

"ஜன்னலே எதுக்குங்கிறேன்?" என்றது காகம். "கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கட்டளையைத் தட்டினமா, காரியம் ஆச்சான்னு இருக்கணும்."

"உன் கண்ணுக்குக் கறுப்பே போதும். மத்தவங்களுக்கு வேணாமா?" என்று மயில் சிலிர்த்துக்கொள்ள, கூட்டம் சந்தைக்கடையாகிவிட்டது.

வடிவு கையெடுத்துக் கும்பிட்டது. "இத்தனை வாய் பேசினது போதும். ஒவ்வொரு பேரா சொல்லுங்க. எதுக்குப் பல்லி சொல்லுதோ, அதான் தெய்வ வாக்கு."

அந்தப் பல்லி குடியிருந்ததே கணினிப் பெட்டிக்குள்தான். அது நிறைமாத கர்ப்பிணி. பெட்டி ஓடாமல் கிடந்ததால் உள்ளே ஒரே குளிர். முட்டையிட அதற்குச் சூடு வேண்டும். எது அதிகம் மூச்சுத் திணறி ஓடுமோ, அதுதான் அதிகம் சூடாகும் என்பது பல்லிக்குத் தெரியும்.

அணிலின் லினக்ஸ் பெயரைச் சொன்னார்கள். சத்தமே இல்லை. காகத்தினுடையதைச் சொன்னார்கள். ஊகூம். யானையினுடையதைச் சொல்லி வாய் மூடவில்லை, "ச்சு ச்சு ச்சு" என்றது பல்லி.

எல்லோரும் பயபக்தியோடு விரலால் தரையைத் தட்டினார்கள். அணில் மட்டும் தலையில் தட்டிக்கொண்டது.

யானையின் ஓ.எஸ். ஏறியது, கூடவே செங்கல் ஆட்டமும். பெட்டி இட்லிக் கொப்பரை மாதிரி கொதித்தது. பல்லிக்குச் சுகப்பிரசவம். திரையிலோ ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. "தயாராகிறது, அணைக்க வேண்டாம்" என்று கீழே ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோதும் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

கூர்வேலு வந்தது. வரும்போதே கையில் செல்போன்.

"மாப்ளே, ஒரு வருஷமா இதுல பழகறேன். பாருங்க" என்று ஆடிக் காட்டியது. பந்து நிற்கவே இல்லை, சுவர் பொடிப்பொடியானது. சடையன் எட்டிப் பார்த்தது. அது பந்தைத் தொட்டு எத்தனை காலமோ! மரம் போச்சு, தேன் போச்சு.

"உங்க பெட்டியைத் திறங்க, ஆரம்பிப்போம்."

"அது வந்து மச்சான்..." என்று சடையன் இழுத்தது.

வடிவு முந்திக்கொண்டது. "ஆரம்பிச்சாச்சு அண்ணே! இந்த வட்டம்தான் முதல் கட்டம். அது நிக்கிற வரைக்கும் உக்காந்திருக்கணும். இடையில எந்திரிச்சவங்க தோத்தாங்க. சம்மதம்தானே?"

"இவ்வளவுதானா? சம்மதம்!" என்று கூர்வேலு சம்மணம் போட்டது.

இருவரும் வட்டத்தையே பார்த்தார்கள். வடிவு உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்தது.

"வெயில்ல வந்திருக்கீங்க அண்ணே, குடிங்க."

குடித்தது. பிறகு பானகம் வந்தது. பிறகு இளநீர். பிறகு சுக்குக் காபி.

"போதும்மா தங்கச்சி, வயிறு ரொம்பிடுச்சு."

"தங்கச்சி வீட்டுத் தண்ணி கசக்குதாண்ணே? பொரி போட்ட அண்ணன்னு ஆசையாத் தர்றேன், வேணாங்கிறீங்களே..." வடிவின் கண் கலங்கியது.

"ஐயோ, கொடு, கொடு."

சடையனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை. கேட்டதற்கு வடிவு முறைத்த முறைப்பில் அது வாயை மூடிக்கொண்டது.

இரண்டாவது செம்பு மோர் உள்ளே போனதும் கூர்வேலு நெளிந்தது. முள்ளெல்லாம் விறைத்து நின்றது. "இந்த வட்டம் எப்பதான் நிக்கும்?"

"நிக்கிறப்ப நிக்கும் அண்ணே. இந்தாங்க, வெள்ளரிக்காய்ச் சாறு."

அந்தச் சாறு தொண்டையில் இறங்கவில்லை. "முருகா!" என்று அலறிக்கொண்டு கூர்வேலு புதர்ப்பக்கம் ஓடியது.

அது அந்தப்பக்கம் மறைந்ததுதான் தாமதம், வட்டம் நின்றது. மணி அடித்தது. திரையில் செங்கல் சுவர், பலகை, பந்து எல்லாம் பளிச்சென்று வந்து நின்றன.

"வடிவு! திறந்துடுச்சு, திறந்துடுச்சு!" என்று சடையன் குதித்தது.

"கத்தாதீங்க, அண்ணன் காதுல விழப்போகுது" என்றபடி வடிவு பிளக்கைப் பிடுங்கி எறிந்தது.

நீதி: நல்ல யோசனை சொல்பவர் பேச்சைக் கேட்டால் கணினி ஓடும். கணினி ஓடினால் விளையாடித் தொலைக்க வேண்டிவரும். தோற்கப் போகிறவர்கள் கனமான ஓ.எஸ். போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கு வயிறார மோர் கொடுக்கவும்.