மைக்செட் அண்ணே குரலுக்கு வச்ச மொய்

கொடைக்கானல்ல வாயே தொறக்காம ஊர்ச்சண்டைய இழுத்துட்டு வந்த ஒரே மனுசன் எங்க நாயுடுபுரம் மைக்செட் அண்ணேந்தான். சத்தியமா. பேரு என்னன்னு கேக்காதீங்க, அது ரேஷன் கார்டுக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம். ஊருக்கு அவரு மைக்செட்டு.

கல்யாணமோ காதுகுத்தோ, ஸ்பீக்கர் அவரோடது, மொய் படிக்கிற வாயும் அவரோடது. யாரு என்ன மொய் செஞ்சாங்கன்னு மைக்குல படிக்கிறது எங்க பக்கம் பெரிய சோலிங்க. கம்மியா செஞ்சவனக்கூட "பூம்பாறை பூண்டுக்காட்டுச் சிங்கம், பாசத்தில் தங்கம்"னு படிச்சு நெஞ்ச நிமித்தி நடக்க விட்ருவாரு. அந்தாளு அடுத்த விசேசத்துக்கு வெக்கப்பட்டே கூடச் செய்வான்.

அப்பேர்ப்பட்ட தொண்டையில கட்டி வந்துச்சு. மதுரையில ஆபரேஷன் பண்ணாங்க. உசுரு தப்பிச்சுச்சு, கொரலு போச்சு.

அந்த நேரத்துலதான் நானும் சென்னையில வேலை போயி, கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரியோட வீட்டுல வெட்டியா கெடந்தேன். ஒரு நாள் வெள்ளனே அண்ணே வந்து என் போர்வைய உருவி, போன நீட்டி, தன் வாயக் காட்டி, போனக் காட்டி, கும்புட்டாரு. "இத பேச வையிடா"ன்னு அர்த்தம். தமிழ்ல டைப் பண்ணுனா சத்தமா வாசிக்கிற ஆப் ஒண்ணு போட்டு விட்டேன். ஃப்ரீ. டவரே இல்லாத பூம்பாறையிலயும் ஓடும். எந்தக் கம்பெனியோடதும் இல்ல, உலகத்துல யாரு யாரோ சேந்து சும்மா எழுதுனது. உள்ள இருக்குற ப்ரோக்ராம் கோடு தொறந்தே கெடக்கும், யாரு வேணாலும் பிரிச்சு ரிப்பேர் பாக்கலாம்.

ஒரே சிக்கல், அதுல இருந்த தமிழ்க் கொரலு ஒரு பொம்பள நியூஸ் வாசிக்கிற கொரலு. "ஏலே மூதேவி, ஸ்டாண்ட வெரசா தூக்குடா"ன்னு அண்ணே டைப் பண்ணுவாரு. அது என்னமோ பட்ஜெட் வாசிக்கிற மாதிரி அம்புட்டு மரியாதையா திட்டும். பயலுக திட்டு வாங்கவே வரிசையில நிப்பானுக.

பெறகுதான் ஆப்புல ஒரு பக்கு, அதான் கோளாறு, கெளம்புச்சு.

அண்ணே டைப் பண்ணி பட்டன அமுக்குவாரு. எழுத்து மறஞ்சிரும், சத்தம் வராது. அந்தப் பேச்சு எங்கயோ உள்ள போயி ஒக்காந்துக்கும். என்னிக்காச்சும், அதுக்கா தோணுறப்ப வெளிய வரும். சிலது வரவே வராது.

அவரு வீட்டம்மா செல்வியக்கா ஒரு நாள் புதுசா ஒரு குழம்பு வச்சு எப்டி இருக்குன்னு கேட்ருக்கு. அண்ணே பதில் டைப் பண்ணாரு, போன் கம்முனு இருந்துச்சு. தப்பிச்சாருன்னு பாத்தா, ஞாயித்துக்கெழம சர்ச்சுல ஃபாதர் "மௌனமாக ஜெபிப்போம்"ங்கிறாரு, அண்ணே சட்டப்பையில இருந்து நியூஸ்காரம்மா தெளிவா கேக்குது:

"செல்வி, இத மனுசன் திம்பானா?"

ஃபாதரே பைபிள வச்சு மூஞ்சிய மறச்சுக்கிட்டாரு. அண்ணே ஒரு வாரம் டீக்கடை பன்னுலதான் உசுரு வாழ்ந்தாரு.

அது பரவால்ல. பூம்பாறையில பூண்டு பாண்டி அண்ணேன்னு ஒருத்தரு, அவரு மாமனார் தவறிட்டாரு. தூக்குறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை சொல்லணும். மைக்செட் அண்ணே கண்ணு கலங்கி டைப் பண்ணாரு. ஸ்பீக்கர்ல வந்ததோ போன மாசக் கல்யாணத்துல சிக்குனது.

"கூச்சப்படாம சாப்பிடுங்க, பாயாசம் ரெண்டாவது ரவுண்டு வருது. மாப்ள, கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இருங்க."

"யோவ் மைக்செட்டு!" பாண்டி அண்ணே மாலையோட பாய்ஞ்சாரு. "பொணத்தச் சிரிக்கச் சொல்றியாய்யா?"

அதோட புக்கிங் படுத்துருச்சு. பெருமாள்மலையில கலர் லைட்டு வச்ச ஒரு டிஜே பய, செட்ட மொத்தமா வெலைக்கு கேட்டுட்டான். அண்ணே போன் ஸ்கிரீன எங்கிட்ட காட்டுனாரு: "பூம்பாறை திருவிழா வருது. பாண்டி பெரிய மனசு பண்ணி கடைசி சான்சு குடுத்துருக்கான். அதுலயும் சொதப்புனா வித்துருவேன்."

எனக்கு மனசே சரியில்ல. எனக்கும் அப்ப நேரம் மொக்கையாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. ஒரு இன்டர்வியூல ஊத்திக்கிட்டு வந்து அவரோட மைக்செட் கடையில ஒக்காந்தப்ப, அண்ணே நீளமா என்னமோ டைப் பண்ணாரு. போன் வழக்கம்போல முழுங்கிருச்சு. தோள்ல ஒரு தட்டு தட்டிட்டு ஒயர் சுத்தப் போயிட்டாரு. ஒயர் எடுத்துக் குடுடான்னுதான் இருக்கும்னு எடுத்துக் குடுத்தேன்.

அன்னிக்கே அந்த ஆப்போட வெப்சைட்டுக்குப் போயி தேடுனா, இதே பக்கு வருசக்கணக்கா தீராம கெடக்கு. கீழ ஊரு ஊருலருந்து "எனக்கும்", "எனக்கும்"னு பொலம்பல். அதுலயே ஒரு ஆன்லைன் உண்டியல். சரியாகணும்னு நெனைக்கிறவங்க முடிஞ்சத போடலாம், சரி பண்றவங்க எடுத்துக்கலாம். உள்ள கெடந்த காசுக்கு ரெண்டு பேரு பரோட்டா சாப்டலாம், சால்னா ஓசின்னா.

அண்ணேகிட்ட விளக்குனேன். கண்ணு விரிஞ்சிருச்சு. என்னமோ டைப் பண்ணாரு, வரல. மறுநாள் டீ குடிக்கிறப்ப வந்துச்சு.

"எலே, இது மொய்யுடா!"

அவ்ளோதான். சர்ச் ஹால புடிச்சாரு. "மைக்செட் குரல் பழுது நீக்கும் விழா"ன்னு ஃபிளெக்ஸ், அதுல கூலிங் கிளாஸ் போட்டு அவரே. பூண்டுக்காட்டுக்காரங்க, டாக்ஸி ஸ்டாண்டு ஆளுக, இவரு வாயால சிங்கம் ஆன அம்புட்டுப் பேரும் வந்துட்டாங்க. பாண்டி அண்ணேதான் மொதல் மொய்.

"எனக்கு அவன் மேல கோவம் இருக்குடா, ஆனா அவன் கொரலு மேல என்ன கோவம்?"

"விழா நாயகன் எங்கப்பா?"ன்னு ஒரு பெருசு கேட்டாரு. அந்தக் கோளாற சரி பண்ணப்போற ஆளு யாருன்னே தெரியாதுல்ல? ஒரு காலிச் சேர்ல மாலை போட்டு வச்சோம். "செத்தவனுக்கு வைக்கிற மாதிரி இருக்கு, எடுங்கடா!"ன்னு செல்வியக்கா அலற, மாலை ஸ்பீக்கருக்குப் போச்சு. மொய் படிச்சது நானு. "பாண்டி, பூம்பாறை"ன்னு நான் சாதாவா படிச்சதும் அண்ணே என் தொடையிலயே கிள்ளுனாரு. சிங்கம் எங்கடான்னு அர்த்தம்.

மொத்தத்தையும் உண்டியல்ல போட்டதும் அந்த வெப்சைட்டே அதிர்ந்துருச்சு. போர்ச்சுகல்ல இருந்து இனெஸ்னு ஒரு காலேஜ் பொண்ணு எறங்குச்சு. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. டெஸ்ட் பண்ண அண்ணே டயலாக்கத்தான் அனுப்புனேன். அந்தப் புள்ள அங்க ரூம்ல ஒக்காந்து "அடுத்த பந்திக்கு எடம் புடிங்க"வ நூறு வாட்டி கேட்டு, கடைசியில அந்தக் கோளாறக் கண்டுபுடிச்சு தூக்கிருச்சு. "இனி ஒரு வார்த்தையும் தொலையாது, உள்ள நிக்கிறதையும் ஒழுங்கா பேசி முடிச்சிரும்"னு எழுதுச்சு. அதோட விடாம, "காசு எனக்கு வேணாம், அடுத்த பக்குக்கு வச்சுக்கங்க"ன்னுருச்சு.

அந்த ஒலகத்துல அது பெருந்தன்மை. எங்க ஊர்ல மொய்ய திருப்புனா உறவு அத்துப்போச்சுன்னு அர்த்தம்.

"நம்ம மொய் வேணாமாமா?" பாண்டி அண்ணே ஆடிப்போயிட்டாரு. "யார்றா அந்தப் புள்ளய என்ன சொன்னது?"

மைக்செட் அண்ணே அதுக்கு மேல. நாளைக்கு திருவிழா, அப்டேட் ரெடி, ஒரு பட்டன அமுக்கணும், அவ்ளோதான். மாட்டேங்கிறாரு! ஸ்கிரீன்ல காட்டுறாரு: "மொய் வாங்காத வீட்டுல கை நனைக்க மாட்டேன்."

"அண்ணே, இது ஆப்புண்ணே! பந்தி இல்ல!"

தலைய ஆட்டுறாரு. அவருக்கு ரெண்டும் ஒண்ணுதானாம்.

"வித்துட்டு என்னா பண்ணுவ? பேசாமயே இருந்து சாவியா?"ன்னு செல்வியக்கா கத்துது. அசையல.

வேற வழியில்லாம இனெஸுக்கு எழுதுனேன். தாயி, எங்கள ஒன் சொந்தமா நெனச்சா இத வாங்கிக்க, இல்லாட்டி இங்க ஒரு மனுசன் ஊமையாவே இருந்துருவாரு. ஒன் வீட்டு விசேசத்துக்கு எங்களக் கூப்ட்டா கணக்கு நேராயிரும். பாவம், அது பயந்துபோயி உடனே வாங்கிக்கிச்சு. "விசேசம் இல்ல, ஆனா புது ரூமுக்கு மாறுறேன்"னு எழுதுச்சு. "பால் காய்ச்சுறப்ப சொல்லச் சொல்லுடா, பூண்டு அனுப்பணும்"ங்கிறாரு பாண்டி அண்ணே.

அண்ணே மொகத்துல அப்பத்தான் வெளிச்சம். கடை வாசல்ல போன ஸ்பீக்கர்ல மாட்டி, சாமியக் கும்புட்டு, அப்டேட் அமுக்குனாரு. தெருவே கூடி நிக்குது. உள்ள சிக்கி நின்னதெல்லாம் வரிசையா வர ஆரம்பிச்சிருச்சு.

"ஃபாதர், பிரசங்கத்த கொஞ்சம் சுருக்குங்க."

"பாண்டி வீட்டு பிரியாணியில கறி எங்கடா?"

"எலேய்!" பாண்டி அண்ணே.

"செல்வி, நீலச் சேலையில நல்லாருக்க."

செல்வியக்கா முந்தானைய வாயில வச்சுக்கிச்சு. அடுத்து, நான் ஒயர் எடுத்துக் குடுத்த அன்னிக்கு முழுங்குனது, அதே பட்ஜெட் கொரல்ல:

"ஒன்ன வேணாம்னவன் கெடக்கான் விடுறா. நீ வந்து கடையில ஒக்காந்தாத்தான்டா எனக்கு பேசணும்னே தோணுது."

அண்ணே பாஞ்சு ஒயரப் புடுங்குனாரு. லேட்டு. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாடி குனிஞ்சு, நல்லா இருக்குற எதையோ ரொம்ப நேரம் ரிப்பேர் பாத்தாரு.

மறுநாள் பூம்பாறையில அமுக்கமுக்க பேசுச்சு. மலைச்சரிவு பூரா அந்தக் கொரலுதான். பாண்டி அண்ணே மறுபடி சிங்கம் ஆனாரு. டிஜே பய கலர் லைட்ட மட்டும் வாடகைக்கு விட்டுட்டுப் போனான். இப்ப நான் கோயம்புத்தூர்ல வேலையில இருக்கேன். வாரா வாரம் அந்த நியூஸ்காரம்மா "ஏலே, சாப்ட்டியா"ன்னு வாட்ஸ்அப்புல கேக்குது.

அன்னிக்கு திருவிழா முடிஞ்சு ஜீப்புல திரும்புறப்ப அண்ணே ஸ்கிரீன நீட்டுனாரு: "நேத்து அந்தக் கடைசில போனு ஒளறுச்சே, கேட்டுச்சா?"

"இல்லண்ணே, ஒரே காத்து"ன்னுட்டேன்.

கேட்டுச்சுண்ணே.