புளிப்பானைப் பாதுகாப்புத் திட்டம்

1999 டிசம்பரில் காலடிப்பேட்டையில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்குப் பயப்படாதவர்களை எண்ண விரலே வேண்டாம். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் வருஷத்தை மறந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நினைத்துக்கொள்ளுமாம். கரண்டு போகும், ஜெயில் கதவுகள் தானாகத் திறக்கும், திருடர்கள் வரிசை கட்டி வருவார்கள் என்று டீக்கடையெல்லாம் பேச்சு. மணலிப் பக்கமிருந்து நாற்றம் வரும் என்றும் சொன்னார்கள். அது தினமும் வருவதால் அதற்கு மட்டும் யாரும் பயப்படவில்லை.

மக்களின் பீதியைப் போக்கும் பொருட்டு, அங்கேயே குடியிருந்த அரசு அதிகாரி குணசேகரனை அவருடைய அலுவலகம் ‘கணினிப் பேரிடர் விழிப்புணர்வுச் சிறப்பு அலுவலர்’ ஆக நியமித்தது. முந்தைய வருஷம் கொசு ஒழிப்புக்கும் அவர்தான் சிறப்பு அலுவலர். கொசுக்கள் நலமாக இருக்கின்றன.

பதவி வந்த அன்றே அவர் மனைவி ரமாபாய்க்குக் கேடுகாலம் பிறந்தது. தை மாதம் மகள் அம்முவுக்குக் கல்யாணம். அதற்காகச் சிறுகச் சிறுகச் செய்து பாங்கு லாக்கரில் வைத்திருந்த நகைகளை உடனே வெளியே எடுக்க வேண்டும் என்றார் குணசேகரன்.

“லாக்கர் சாவி போட்டுத் தொறக்கறதுய்யா. அதுல இன்னா கம்ப்யூட்டர் கீது?”

“பக்கத்து மேஜையில் இருக்கிறது. வைரஸ் என்று பேப்பரில் போட்டிருக்கிறான். பரவாதா?”

நகை வீட்டுக்கு வந்தது. அதிகாரி வீட்டு நகையே வந்துவிட்டதென்று தெருவே பாங்குக்கு ஓடியது. அப்புறம்தான் அந்தத் தெருவில் திருடுவதற்கென்று ஏதோ இருந்தது.

மறுநாள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு குணசேகரன் கிளம்பினார். “தாய்மார்களே! அரிசி டிரம் திருடர்களுக்கு நன்கு அறிமுகமான இடம். அங்கே நகை வைக்காதீர்கள். அனைவரும் தத்தம் நகைகளைப் புளிப்பானையின் அடியில் வைத்து ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்!”

சாயங்காலம் ரமாபாய் கேட்டாள்: “ஏன்யா, திருடனுக்குக் காது இல்லியா?”

“இது பொதுமக்களுக்கான அறிவிப்பு. திருடர்களுக்கு நாங்கள் எதுவும் அறிவிக்கவில்லை.”

முன்மாதிரி வீடு என்பதால் அம்முவின் நகைகள் புளிக்கு அடியில் போயின. தலையில் அடித்துக்கொண்டே வைத்தாள் ரமாபாய்.

அடுத்த ஞாயிறு, பள்ளிக்கூட மைதானத்தில் பேரிடர் ஒத்திகை. எல்லோரும் வீட்டை விட்டு வர வேண்டும், கதவைப் பூட்டக் கூடாது. பூட்டினால் மீட்புப் படை எப்படி நுழையும்? மீட்புப் படை என்பது குணசேகரனும் ஒரு விசிலும்.

‘திருட்டைத் தடுப்பது எப்படி’ என்று அவர் பேசிக்கொண்டிருந்தபோது, அடுப்பில் வைத்த கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வந்து ரமாபாய் வீட்டுக்கு ஓடினாள். சமையலறையில் ஒரு வாலிபன் கையை முழங்கை வரை புளிப்பானைக்குள் விட்டிருந்தான். கரண்டியால் ஒன்று போட்டு, முடியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தெருவே கூடிவிட்டது.

பிடிபட்ட தீனாவுக்கு அவமானம் இல்லை, ஆதங்கம்தான் இருந்தது. “இன்னா ஜனங்க சார் இது? காலைலேருந்து தெரு ஃபுல்லா புளியைத் தோண்டிகினு கீறேன். கையெல்லாம் எரியுது. எந்த வூட்லயாவது ஒரு மூக்குத்தி கீதா? கவுர்மெண்டு சொன்னா மதிக்கறதே இல்ல. மரியாதையா நடந்துகினது உங்க வூடு ஒண்ணுதான்!”

குணசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. “கேட்டாயா ரமா?”

ரமாபாய் பக்கத்து வீட்டு ஜீனத்தைப் பார்த்தாள். “நீ எங்கடி வெச்ச?”

“அரிசி டிரம்லதான்க்கா. அங்க வெக்காதீங்கன்னு உன் வூட்டுக்காரு சொன்னாரே, அதான் எல்லாருமே அங்கியே வெச்சிட்டோம்.”

நகை கைக்கு வந்துவிட்டது என்று ரமாபாய் மூச்சு விடுவதற்குள் குணசேகரன் கையை நீட்டினார். “இனி இது நகை அல்ல, வழக்குச் சொத்து.” நகை ஸ்டேஷனுக்குப் போனது. வழக்கோடு சேர்த்து ஜனவரியில்தான் கோர்ட்டில் பதிவாகும் என்றார்கள்.

இரண்டாயிரம் பிறந்தது. கரண்டு போகவில்லை. ஜெயில் திறக்கவில்லை. தண்ணி லாரி வழக்கம்போல் வரவில்லை. அந்த வட்டாரத்திலேயே வருஷத்தை மறந்த கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அது கோர்ட்டில் இருந்தது.

“இந்த நகை 1900 ஜனவரியில வந்ததா காட்டுதும்மா. சொந்தக்காரங்க நேர்ல வரணும்,” என்றார் குமாஸ்தா.

“நாந்தான்யா அது!”

அவர் மேலும் கீழும் பார்த்தார். “நூறு வயசு தெரியலியே. இறந்துட்டாங்கன்னா வாரிசுச் சான்றிதழ் கொண்டாங்க.”

“யாருய்யா செத்தது?”

“நீங்கதாம்மா.”

அதே கம்ப்யூட்டரின் தயவில், குற்றம் தீனாவின் அப்பா பிறப்பதற்கு முன்பே நடந்துவிட்டபடியால் அவன் விடுவிக்கப்பட்டான்.

கல்யாணத்தன்று அம்மு தெருவாரின் இரவல் நகையில் ஜொலித்தாள். ஜீனத்தின் அட்டிகை, கோவிந்தம்மாவின் வளையல், யார் யாருடையதோ சங்கிலி. மணமேடையில் மைக்கைப் பார்த்ததும் குணசேகரனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ரமாபாய் வேட்டியைப் பிடித்து இழுத்தும் பயனில்லை.

“எங்கள் அறிவிப்பை மீறி, நகைகளை அரிசி டிரம்மில் பாதுகாத்து, இன்று இரவல் தந்து உதவிய தாய்மார்களுக்கு நன்றி! நகைகள் இன்றே அந்தந்த டிரம்முக்குத் திரும்பிவிடும் என உறுதி கூறுகிறேன்!”

கடைசி வரிசையில், நெற்றியில் கரண்டித் தழும்போடு ஒருவன் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினான். அதிகாரி வீட்டுக் கல்யாணமாயிற்றே, நாம் தட்டாமலிருந்தால் நன்றாக இருக்காதே என்று தெருவே சேர்ந்து தட்டியது.