திட்டினாலும் எழும் புழு

பொழுது விடிந்தால் போதும், புழுச்சாமியார் எந்த வயலில் நிற்கிறாரோ அந்த வயலில் ஊரே நிற்கும். விதைப்பைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். பின்னே? அவர் மந்திரம் சொல்லித் தீர்த்தம் தெளித்தால் மண்புழு எழுந்து வந்து வணங்குகிறதாம்! புழு வராவிட்டால் அது பாவம் செய்த மண். பீப்பாய் பீப்பாயாகத் தீர்த்தம் வாங்கி ஊற்ற வேண்டுமாம். வைக்கோலைக் கொளுத்தி, மருந்தை அடித்து, புழுவை நாமே வழியனுப்பி வைத்தோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, கண்ணுகளா.

அன்று குப்பையக்காவின் வயல். மூன்று வருடமாகச் சருகையும் சாணத்தையும் போட்டு மண்ணை மூடி வைத்தாளே, அதற்கு ஊர் கொடுத்த பட்டம் அது. சாமியார் தெளித்தார். புழுக்கள் குபுகுபுவென்று கிளம்பின.

"பாத்தியா! சாமி காலடி பட்டதும் மண்ணு திறந்துடுச்சு!" என்றான் அவள் கணவன்.

"மூணு வருஷமா ஒடிஞ்சது என் இடுப்பு. பேரு அவர் காலுக்கா?"

"சும்மா இரு. மாட்டைக் குடுத்து நாலு பீப்பாய் வாங்கப்போறேன்."

மாட்டை ஏற்கெனவே ஓட்டி வந்து வரப்பில் கட்டியிருந்தான். அவளுக்கு இருப்பது ஒரே மாடு. சாணம் போனால் உரம் போச்சு. உரம் போனால் வயல் மறுபடி கட்டாந்தரை.

குனிந்து பார்த்தாள். வணங்குகிற புழு இப்படியா துடிக்கும்? பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒருநாள் தவறிப்போய்க் குப்பைக்குழியில் கொட்டியபோதும் இதே துடிப்புதான்.

"சாமி, புழு வணங்குறது மந்திரத்துக்கா, தண்ணிக்கா?"

"மந்திரத்துக்குத்தாம்மா! தண்ணி வெறும் சாட்சி."

"அப்போ நல்லதாப் போச்சு. நீங்க மந்திரம் சொல்லி, எங்க கிணத்துத் தண்ணியை அந்தப் பக்கம் தெளிங்க. நான் பாத்திரம் கழுவின தண்ணியை இந்தப் பக்கம் ஊத்துறேன். மந்திரம் எனக்குத் தெரியாது. அதனால வீட்டுக்காரரைத் திட்டுறேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாமியாரால் பின்வாங்க முடியவில்லை; தொண்டை கட்டும்வரை ஓதினார். ஒரு புழுவும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம், "ஈரத்துண்டைக் கட்டில்ல போடுற மனுஷா! கேக்காம மாட்டை அவுத்த மனுஷா!" என்று அவள் ஊற்ற ஊற்ற, புழுக்கள் விழுந்தடித்துக்கொண்டு வெளியேறின.

யாரோ சாமியாரின் தீர்த்தப் பீப்பாயை முகர்ந்தார். "அடச்சே, சோப்புத் தண்ணி!"

"வணங்கலீங்க. உடம்பு எரிஞ்சு தப்பிச்சு ஓடுதுங்க" என்றபடி அவள் புழுக்களின் மேல் நல்ல தண்ணீரை ஊற்றிச் சருகால் மூடினாள். நிமிர்வதற்குள் சாமியாரும் அதே வேகத்தில் வரப்பைத் தாண்டியிருந்தார். கணவன் மாட்டை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

ஒருவர் உருகிப்போய்க் கைகூப்பினார். "அக்கா, இனிமே நீதான் எங்க சாமி!"

"அட மனுஷா! கண்ணில்லாத புழுவே எரிஞ்சா ஓடுது. ரெண்டு கண்ணை வெச்சுக்கிட்டு நீ அடுத்த சாமி தேடுற! போ, உன் வயல்ல ஒரு மூலையில சருகு போட்டுப் பாரு. நான் சொன்னேன்னு நம்பிடாத. தோண்டிப் பாத்துட்டு நம்பு."