நானூற்றுப் பன்னிரண்டு திருப்பங்கள்

கணினி மூன்றாவது முறையும் அதே விடையைத்தான் சொன்னது: இருநூற்று எண்பத்தாறு.

தஹானி தலையில் கை வைத்துக்கொண்டாள். இஸ்மாயிலியா ஊரே காலையில் ரொட்டியோடு தின்னும் ஃபூல் அவரை ஒன்று. வாடி ஜம்மார் பாலைவனச் சோலையில் விளையும் ஃபூல் இன்னொன்று. மரபணு வரிசையில் ஒரு துண்டை வெட்டி, தலைகீழாகத் திருப்பி, அதே இடத்தில் ஒட்டினால் அது ஒரு திருப்பம்; அந்தத் துண்டிலுள்ள ஒவ்வொரு மரபணுவின் திசையைக் காட்டும் கூட்டல், கழித்தல் குறியும் அதோடு மாறும். குறைந்தது எத்தனை திருப்பத்தில் ஒரு வரிசை மற்றதாக மாறும் என்று எண்ணுவதுதான் அவளுடைய நிரல். அக்கா தங்கை போன்ற இரண்டு அவரைகளுக்கு நாலைந்து வந்தாலே அதிகம்.

ஒரே ஒரு திருப்பம்கூட அவளுக்கு அதிசயம்தான். என்றைக்கோ ஒரு செடிக்குள் ஒரு துண்டு புரண்டு விழுந்திருக்கிறது. செடி அதுபாட்டுக்குப் பூத்துக் காய்த்திருக்கிறது. நினைத்தாலே அவளுக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் இருநூற்று எண்பத்தாறா? அவளுடைய முனைவர் பட்டமே இந்தக் கணக்கை நம்பித்தான் இருந்தது.

துறைத் தலைவர் வக்தி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

"விடை தப்பு போலிருக்கு, டாக்டர்."

திரையைப் பார்த்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சுப்ஹானல்லாஹ். இதையா தப்புங்கறே? அற்புதம்மா."

"வெளியே சொல்லிடாதீங்க. சரிபார்த்துடறேன்."

சோலையின் ஆய்வு நிலையத்திலிருந்து இன்னும் விரிவான மரபணுப் பட்டியலை வரவழைத்து, அதன் ஆங்கிலக் குறியீடுகளைக் கூட்டல், கழித்தல் மாறாமல் வழக்கம்போல இடமிருந்து வலமாக, தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றினாள். நானூற்றுப் பன்னிரண்டு வந்தது. அதற்குள் வக்தி ஆளுநருக்கே போன் போட்டுவிட்டார்.

நிரலில்தான் கோளாறு என்று காட்டுவதற்காக ஒரு காட்டுப் பயற்றின் பட்டியலை எடுத்து இஸ்மாயிலியா அவரையோடு ஒப்பிட்டாள். எண்பதே திருப்பம். யாரும் குறை சொல்ல முடியாத விடை.

"அடேயப்பா," என்றார் வக்தி. "காட்டுப் பயறுகூட நம்ம அவரைக்குச் சொந்தம், வாடி ஜம்மார் சொந்தமில்லே. அப்ப அது அவரையே இல்லம்மா, புது ஜீவன். ஆளுநர் பேரையே வெச்சிடலாம்."

"நேத்து வேக வெச்சுத் தின்னேன், டாக்டர். ஃபூல் மாதிரியேதான் இருந்துச்சு."

"அதாம்மா அதிசயம்."

வியாழக்கிழமை ஆளுநர் வந்தார். இஸ்மாயிலியா பட்டியலும், சோலையிலிருந்து வந்த தாள்களும் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. வந்தவர்கள் எல்லாரும் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள்.

"நானூறு தடவை புரண்டும் ருசி மாறலியா?" என்று ஆளுநர் மெல்லக் கேட்டார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தஹானிக்கும் கண் கலங்கிவிட்டது. ஒருவேளை உண்மையாகவே இருக்குமோ? யாரும் பார்க்காத பாலைவனத்தில், ஒரு விதைக்குள் இவ்வளவும் நடந்திருக்குமோ? அவள் நம்பத் தொடங்கிவிட்டாள்.

வக்தி அறிவிப்புக் கடிதத்தை நீட்டினார். "உன் கண்டுபிடிப்பு. கையெழுத்துப் போடும்மா."

அவள் பேனாவைத் திறந்தபோது, தேநீர்த் தட்டோடு வந்த பயூமி சுவரை மறைத்துக்கொண்டு நின்றார்.

"யோவ் பயூமி, தள்ளுய்யா. அங்கே என்ன பார்வை?" என்றார் வக்தி.

"ஒண்ணுமில்லே, பாஷா. சோலைக்காரங்க வலது ஓரத்துல 'முதல் மரபணு'ன்னு அரபியில எழுதியிருக்காங்க. நாம எப்பலேருந்து இடதுலேருந்து படிக்க ஆரம்பிச்சோம்?"